விளிம்பில் பச்சை

கீறலை யாராலும் எடுக்க முடியாது. இதைக் கடையில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப்போய்விட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் முன்னால் நீட்டி, "இந்தக் கீறலை மட்டும் பாலிஷ் போட்டு எடுத்துடுங்க" என்பார்கள். கீறல் என்ன அழுக்கா, துடைத்து எடுக்க? அது ஒரு பள்ளம். சுற்றியிருக்கிற நல்ல இடத்தையெல்லாம் தேய்த்துத் தேய்த்து அந்தப் பள்ளத்தின் ஆழத்துக்கு இறக்கலாம். அப்போது கீறல் தெரியாது. பாலிஷ் என்பது அவ்வளவுதான். என் கடையில் லென்ஸ் விளிம்பைத் தேய்க்கும் மெஷின் ஒன்றும், ஃபிரேமுக்கு மெருகு போடும் துணிச்சக்கரம் ஒன்றும் இருக்கின்றன. எத்தனையோ வருஷமாக அவற்றோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு இதுகூடத் தெரியாதா?

அப்படிப்பட்ட என்னிடமே வந்து, "அப்பா வாட்சுக்குப் பாலிஷ் போட்டாதான் நான் கட்டுவேன்" என்று என் மகன் சொன்னால் கோபம் வருமா, வராதா?

அவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதாக இருந்தான். பெட்டி கட்டிக்கொண்டிருந்தவன் முன்னால் போய் வாட்சை நீட்டினேன். அவன் அதைக் கையில் வாங்கவில்லை. சட்டையை மடித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தான்.

"இந்த அடியோட என்னால கட்ட முடியாதும்மா. பாலிஷ் போட்டுட்டுக் குடு."

"ஏண்டா, உங்கப்பா கையில இருந்த பொருள். அவர் பட்ட கீறல், அவர் பட்ட அடி. அதைத் தேச்சு எடுத்துட்டா அப்புறம் இது யாரோடதோ வாட்ச்."

"அப்ப யாரோடதாவே இருக்கட்டும்."

"பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு நிக்காதடா!"

மடித்த சட்டையை உதறி மறுபடியும் மடித்தான். மூன்று வருஷமாக அவன் இப்படித்தான், கல்லுளிமங்கன் மாதிரி. முன்பெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிற பையன்.

வாட்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பெனி பேரைச் சொன்னால் திருடன் திரும்பிப் பார்ப்பான், அப்படிப்பட்ட வாட்ச். என் மாமனார் வாங்கியது. அவருக்குப் பிறகு ஒரே பிள்ளை என்று என் வீட்டுக்காரர் கைக்கு வந்தது. இரும்பு மாதிரி கனமான ஸ்டீல், அதே ஸ்டீலில் பட்டை. சாவி கொடுக்கவே வேண்டாம், கை அசைந்தால் அதுவே ஓடும். அவர் அதைக் கழற்றியே நான் பார்த்ததில்லை. தூங்கும்போது, தோட்டத்தில் மண் கிளறும்போது, குளிக்கும்போது, எப்போதும் கையில்தான் இருக்கும். "என்னைக் கட்டிக்கிட்டீங்களா, இதைக் கட்டிக்கிட்டீங்களா?" என்று கேட்பேன். "உன்னைக் கழட்ட முடியாது, இதைக் கழட்ட மனசு வரல" என்பார். பேச்சில் அவரை ஜெயிக்க முடியாது.

அவருக்கு ஒரே ஒரு மறதி. குளிக்கப் போகும்போது துண்டை எடுத்துப் போக மாட்டார். குளித்து முடித்துவிட்டு, குளியலறைச் சுவரில் இறங்குகிற இரும்புக் குழாயில் வாட்ச் பட்டையால் இரண்டு தட்டு தட்டுவார். டக், டக். வீடு முழுக்கக் கேட்கும். அதற்கு எங்கள் வீட்டில் "துண்டு" என்று அர்த்தம். யார் காதில் விழுகிறதோ அவர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வாயைத் திறந்து கூப்பிட்டால் என்ன என்று கேட்டால், "ராஜா மணியடிச்சுத்தான் கூப்பிடுவார்" என்பார். ராஜாவாம்! ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு நிற்கிற ராஜா.

அந்தக் குளியலறையில்தான் போனார். ஒரு வியாழக்கிழமை காலை நான் கடைக்குப் போய்விட்டேன். மத்தியானம் சாப்பிட வந்தபோது உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கைப்பிடியில், வெளிப்பக்கம், துண்டு தொங்கியது. ஒரு சொட்டு ஈரம் இல்லாத துண்டு. தட்டினேன், கத்தினேன். மேல் வீட்டுக்காரர் ஓடி வந்து கதவை உடைத்தார்.

மாரடைப்பு. "ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காதும்மா. அவருக்கு எதுவுமே தெரிஞ்சிருக்காது" என்று டாக்டர் சொன்னார். மூன்று வருஷமாக நான் உயிரோடு இருப்பது அந்த ஒரு வார்த்தையால்தான். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னேன். துண்டையும் சொன்னேன். "கடைசி நாள்லயும் பாருங்க, துண்டை எடுத்துட்டு வந்தவர், கதவுல மாட்டிட்டு உள்ள போயிட்டாரு. அந்த மறதியோடவே போயிட்டாரு." சொல்லும்போது அழுகையும் வரும், சிரிப்பும் வரும். வந்தவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிப்பார்கள். என் மகன் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான்.

வாட்சின் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் வெட்டு வெட்டாகக் காயம் இருந்தது. விழுந்தபோது பட்டது என்று நினைத்துக்கொண்டேன். அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். எப்போதாவது எடுப்பேன். மாதக்கணக்கில் செத்துக் கிடந்த வாட்ச், கையில் எடுத்த உடனே டிக் டிக் என்று ஓட ஆரம்பிக்கும். அசைத்தால் ஓடுகிற வாட்ச் ஓடத்தான் செய்யும். எனக்குத் தெரியாதா? தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் உடம்பு சிலிர்க்கும். யாரோ இத்தனை நாள் எனக்காகக் காத்துக்கொண்டிருந்த மாதிரி இருக்கும். அது நிற்கிறவரைக்கும் அந்த அறைக்குள் போக மாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. காலையில் மேல் வீட்டில் தண்ணீர் திறந்தால் எங்கள் குழாய் தானாகவே தட்டும். பழைய குழாய், உள்ளே காற்று. முன்பும் அப்படித்தான். அவர் போன பிறகு அந்தச் சத்தம் கேட்டால் என் மகன் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவான். எத்தனை டம்ளர் போயிருக்கும்! ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தான். அப்புறம் சைக்கிள் டியூபை வெட்டிக்கொண்டு வந்து குழாய் நெடுக இறுக்கிச் சுற்றிக் கட்டினான். சத்தம் அமுங்கிவிட்டது. அன்றிலிருந்து அவன் கதவைச் சாத்திக் குளித்ததில்லை. நான் கடைக்குப் போன பிறகுதான் குளிப்பான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று விட்டுவிட்டேன். அப்பா செத்த இடம், பையன் பயப்படாமல் என்ன செய்வான்?

கோபம் ஆறியதும் யோசித்துப் பார்த்தேன். போகிற பிள்ளை. அவன் கையில் அவர் இல்லாவிட்டால் அலமாரியில் வைத்து நான் என்ன செய்யப் போகிறேன்? சரி, பாலிஷ் போட்டால் போட்டுத் தொலையட்டும் என்று வாட்சை எடுத்துக்கொண்டு எங்கள் கடைத்தெரு முனைக்குப் போனேன்.

அங்கே வாட்ச் ரிப்பேர் செய்கிறவரை எல்லோரும் ஒத்தைக்கண்ணர் என்பார்கள். இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஒரு கண்ணில் எப்போதும் பூதக்கண்ணாடியைச் செருகியிருப்பார், அதனால் வந்த பேர். அவர் மூக்குக்கண்ணாடிக்கு நான்தான் லென்ஸ் போடுகிறேன்.

வாட்சைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். துணியை விரித்து அதன் மேல் வைத்தார்.

"அக்கா, இதுக்குப் பாலிஷா? யாரு சொன்னது?"

"என் மகன்தான். அவன்தான் கட்டப் போறான்."

"போட்டா கண்ணாடி மாதிரி ஆயிடும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா இந்த ஓரம் பாருங்க, கம்பெனில வெட்டின ஓரம், இன்னும் கூர்மையா இருக்கு. ஒரு தடவை சக்கரத்துல காட்டினா மழுங்கிடும். திரும்ப வராது."

"பாலிஷ்னா என்னன்னு எனக்கே பாடமா?"

அவர் சிரித்துவிட்டார். "கொல்லன் தெருவுல ஊசி வித்துட்டேன், மன்னிச்சுக்குங்க. சின்னச் சின்ன கீறல்னா லேசா போட்டுடலாம். இந்த வெட்டுதான் ஆழம். இதை எடுக்கணும்னா மொத்த விளிம்பையும் இறக்கணும்."

"அது அவர் விழுந்தப்ப பட்டது."

அவர் வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விழுந்தா ஒரு அடி இருக்கும், ரெண்டு அடி இருக்கும். இது ஒண்ணு பக்கத்துல ஒண்ணா வரிசையா இருக்கே. கையை வீசி எது மேலயோ தட்டின மாதிரி..."

"உங்களை நான் ஜோசியமா கேட்டேன்?" என்று சுள்ளென்று விழுந்தேன். பாவம், அந்த மனுஷன் வாட்சைத் துணி மேலேயே வைத்துவிட்டார். அவருக்கு என்ன தெரியும்?

ஆனால் என் கை சும்மா இருக்கவில்லை. அவர் பூதக்கண்ணாடியை வாங்கி என் கண்ணில் வைத்து விளிம்பைப் பார்த்தேன். விளிம்பு பார்ப்பதுதானே என் பிழைப்பு. வெட்டுகளுக்குள்ளே அடியில், ஊசிமுனை அளவுக்குப் பச்சை ஒட்டியிருந்தது. ஒவ்வொரு வெட்டிலும் இருந்தது.

அந்தப் பச்சை எனக்குத் தெரியும். வாசல் கேட்டுக்கு அடித்து மிச்சமான பெயிண்டை வீணாக்க மனசில்லாமல் குளியலறைக் குழாய்க்கு அவரே அடித்தார். "போன ஜென்மத்துல கிளியா பொறந்திருப்பீங்க" என்று நான் கேலி செய்தேன். அது ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை அவர் இல்லை.

"அக்கா, போடட்டுமா வேண்டாமா?" என்று ஒத்தைக்கண்ணர் கேட்டது எங்கேயோ தூரத்தில் கேட்டது. "அப்புறம் வரேன்" என்று வாட்சை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கடையைத் திறக்கவில்லை, நேரே வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் யாரும் இல்லை. குளியலறைக்குள் போய் விளக்கைப் போட்டேன். குழாயில் அவன் கட்டியிருந்த சைக்கிள் டியூப் முடிச்சுகள் இறுகிப்போயிருந்தன. கத்தரிக்கோலால் வெட்டி மேலிருந்து உரித்தேன். தோள் உயரத்தில், அவர் எப்போதும் தட்டுகிற இடத்தில், பெயிண்ட் லேசாகத் தேய்ந்திருந்தது. அது துண்டுக்குத் தட்டியது. அதற்குக் கீழே பெயிண்ட் அடித்த மாதிரியே பளபளவென்று இருந்தது. இன்னும் உரித்தேன். முழங்கால் உயரத்துக்கு வந்ததும் பெயிண்ட் உதிர்ந்து இரும்பு தெரிந்தது. ஒரே இடத்தில், திரும்பத் திரும்ப அடித்து உதிர்ந்திருந்தது.

தரையில் உட்கார்ந்து பார்த்தேன். உட்கார்ந்தால் கை சரியாக அங்கேதான் எட்டியது.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது என்றாரே அந்த டாக்டர்! எதுவுமே தெரிந்திருக்காது என்றாரே! என் மனுஷன் இங்கே உட்கார்ந்து தட்டியிருக்கிறார். குரல் வராமல், கை ஓய்கிறவரைக்கும் தட்டியிருக்கிறார். மறைக்கிற அளவுக்கு என் மகனுக்கு இந்தக் குழாயைப் பற்றி ஏதோ தெரிந்திருக்கிறது. அப்படியே தலையைத் திருப்பினேன். கதவின் கைப்பிடி தெரிந்தது. காய்ந்த துண்டு ஞாபகம் வந்தது. துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போகிற பழக்கமே இல்லாத மனுஷன், அன்றைக்கு மட்டும் எப்படி எடுத்துக்கொண்டு வந்து வெளியே மாட்டியிருப்பார்? ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேனே, இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

என் மகன் வந்தபோது நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். கையில் வாட்ச், பக்கத்தில் வெட்டிப்போட்ட டியூப். அவன் வாசற்படிக்கு வெளியே நின்றான். உள்ளே வரவில்லை.

"துண்டை மாட்டினது நீதானே?"

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தான்.

"ரெண்டு தட்டு கேட்டுச்சும்மா. நான் ஃபோன்ல பேசிட்டிருந்தேன். வரேம்பான்னு கத்திட்டு, பேசி முடிச்சிட்டுத்தான் துண்டை எடுத்தேன். கதவுல மாட்டிட்டு, அப்பா, துண்டு மாட்டியிருக்கேன்னு சொல்லிட்டு அப்படியே கிளம்பிட்டேன்."

"அவர் பதில் சொன்னாரா?"

"தண்ணி சத்தம் கேட்டுச்சு. குளிக்கிறாருன்னு நெனச்சேன்."

"குளிச்சு முடிச்சாதானேடா துண்டு கேப்பாரு! உன் காதுல என்ன ஈயத்தைக் காய்ச்சி ஊத்தியிருந்துச்சா?"

சொல்லியிருக்கக் கூடாது. பெற்ற பிள்ளையைப் பார்த்து அப்படிக் கேட்கலாமா? ஆனால் கேட்டேன். அப்போது எனக்கு அவன் மேல் அவ்வளவு ஆத்திரம். எழுந்து போய் நாலு அறை விட்டிருப்பேன், கால் மரத்துப்போயிருந்ததால் அவன் பிழைத்தான்.

அவன் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"நான் கேட்டது ரெண்டுதாம்மா. அவரோட சாமான்னு ஆஸ்பத்திரியில வாட்சை என் கையிலதான் குடுத்தாங்க. அதுல பார்த்தேன். வீட்டுக்கு வந்து குழாயைப் பார்த்தேன். ரெண்டு இல்லம்மா. நான் போனப்புறமும் அடிச்சிருக்காரு. வீட்டுல யாருமே இல்லாம அடிச்சிருக்காரு. நீ வரவங்க கிட்ட எல்லாம் துண்டுக் கதையைச் சொல்லுவ, எல்லாரும் சிரிப்பாங்க. நான் எப்படிம்மா சொல்றது?"

நான் அந்த வெட்டுகளை எண்ணியதில்லை. இன்றுவரை எண்ணவில்லை, எண்ணவும் மாட்டேன். அவன் எண்ணியிருப்பான். அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மூன்று வருஷமாக நான் டாக்டர் வார்த்தையைத் தலையணையாக வைத்துத் தூங்கியிருக்கிறேன், பக்கத்து அறையில் இவன் தூங்கவே இல்லை.

"அதை எடுத்துடும்மா," என்றான். "கையெடுத்துக் கும்பிடறேன். அது போயிடட்டும். வழவழன்னு ஆயிட்டா நான் கட்டிக்கிறேன்."

போட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஒத்தைக்கண்ணர் எதற்கு, என் துணிச்சக்கரமே போதும். பிள்ளை நிம்மதிக்கு முன்னால் கம்பெனி வெட்டிய விளிம்பு எனக்கு என்ன பெரிசு? எனக்குமே அது போய்விட்டால் நல்லதுதான், டாக்டர் சொன்னது மறுபடியும் உண்மையாகிவிடும். எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா?

வாட்ச் என் கையில் ஓடிக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் விளிம்பைத் தடவினேன். அந்த வெட்டுகள் விரலில் உறுத்தின. அவர் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான். இதைக் கேட்க அன்றைக்கு ஆள் இல்லை. இன்றைக்கு நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம், அதைத் தேய்த்து எடுப்பதா?

"கீறலை எடுக்க முடியாதுடா" என்றேன்.

"தெரியும்மா. சுத்தியிருக்கிற இடத்தைத்தான் இறக்கணும்." சின்ன வயதிலிருந்து கடையில் உட்கார்ந்து கேட்ட வசனம் அவனுக்கு மனப்பாடம். அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு அழுகை வந்தது. அப்படி ஓர் அழுகையை நான் அவனிடம் பார்த்ததில்லை. நான் இருந்த இடத்திலிருந்தே நகர்ந்து போய் வாசற்படியில் அவன் தலையைப் பிடித்துக்கொண்டேன். ஆத்திரம் போய்விட்டதா என்றால், இல்லை. அதுவும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் பிடித்தேன்.

"பாலிஷ் போட மாட்டேன்" என்றேன்.

அவன் தலையை ஆட்டவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை நான் குளிக்கப் போனேன். அவன் சமையலறையில் இருந்தான். வாட்சை என் மணிக்கட்டில் கட்டியிருந்தேன். வளையல் மாதிரி தொளதொளவென்று கிடந்தது. கதவைச் சாத்தித் தாழிட்டேன். குளித்து முடித்தேன். துண்டு எடுத்துப் போகவில்லை. மறந்து போகவில்லை, வேண்டுமென்றேதான் விட்டுவிட்டு வந்தேன்.

ஈரத்தோடு நின்றேன். தோள் உயரத்தில், லேசாகத் தேய்ந்த அந்த இடத்தில், பட்டையால் தட்டினேன். டக், டக்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. வேறு எந்தச் சத்தமும் இல்லை. எனக்கு இவன் வெளியே ஓடிவிடுவானோ, பிள்ளையைக் கொன்றுவிட்டேனோ, நான் என்ன பைத்தியக்காரியா என்று என்னென்னவோ தோன்றியது. கதவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கதவு பக்கத்தில்தான் இருந்தது, ஆனால் எவ்வளவு தூரம்! அவர் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

அப்புறம் காலடிச் சத்தம். ஏதோ உருண்டு விழுந்தது. கதவை இரண்டு கையாலும் அடித்தான்.

"அம்மா! அம்மா! கதவைத் திற! அம்மா!"

"துண்டுடா" என்றேன்.

அவன் மூச்சு வாங்குவது கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டது. போனான், வந்தான். தாழை நீக்கிக் கதவைக் கொஞ்சமாகத் திறந்தேன். இடுக்கு வழியாகத் துண்டோடு ஒரு கை வந்தது. துண்டை வாங்கிக்கொண்டு, வாட்சைக் கழற்றி அந்தக் கையில் வைத்தேன். விரல்கள் உடனே மூடிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் விரிந்தபடியே இருந்து, அப்புறம் மூடின.

கதவைச் சாத்தித் துவட்டிக்கொண்டேன். வெளியே சத்தமில்லை.

"போயிட்டியாடா?"

"இல்லம்மா. இங்கதான் உக்காந்திருக்கேன்."

மேல் வீட்டில் யாரோ தண்ணீர் திறந்தார்கள். சுற்றிக் கட்டிய ரப்பர் இல்லாத குழாய் பழையபடி சத்தமாகத் தட்டியது.

"அது மேல் வீட்டுக்காரங்க" என்றேன்.

"தெரியும்மா" என்றான். ஆனாலும் நான் வெளியே வரும்வரை அவன் எழுந்து போகவில்லை.